நான்காம் வாளி

மலைச்சரிவில் ஒரு தட்டு
வானத்திடம் கையேந்தி நிற்கிறது.
அதில் விழுவது நொடிக்கு அரை மெகாபிட்,
பனி பெய்தால் அதிலும் பாதி.
மொக்கோட்லோங் செவிலியர் கல்லூரிக்கு
உலகம் என்பது இவ்வளவுதான்.

என் மேசைக்கடியில்
விசிறி தேய்ந்து முனகும் ப்ராக்ஸி சர்வர்.
யார் என்ன கேட்டாலும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.
பதிலும் அந்த வாசலில் நின்றுதான் உள்ளே வரும்.

என் பெயர் மொட்லாலெபுலா,
மழையோடு வந்தவள் என்று பொருள்.
அரை மெகாபிட்டோடு வந்தவள்
என்கிறார்கள் விடுதியில்.

கையேடு அதை வாளி என்றே சொல்கிறது.
குழுவுக்கு ஒரு வாளி.
இவ்வளவு கொள்ளும், நொடிக்கு இவ்வளவு ஊறும்,
வற்றினால் ஊறும்வரை நில்.

முதல் வாளி கிளினிக்குக்கு,
மசேருவிலிருந்து வரும் ஸ்கேன் படங்களுக்காக.
அடுத்தது ஆசிரியர்களுக்கு.
மூன்றாவது அலுவலகம்;
அதுதான் முதலாவது என்று
முதல்வர் மொக்கேலே நம்பிக்கொண்டிருக்கிறார்.
நான் திருத்தவில்லை.

நான்காவதில் நூற்றெழுபது பேர்.
பந்திக்கு முந்து என்பார்கள்,
கடைசிப் பந்தியில் இலை போட்டவளிடம்
யார் போய்ச் சொல்வது?

ரெட்செலிசிட்ஸ்வே கதவைத் தட்டியது
இரவு ஒன்றரைக்கு.
தோளில் போர்வை, அதன் ஓரங்களில் பனித்தூள்.
அப்பா வெல்கோம் சுரங்க மருத்துவமனையில்,
அண்ணன் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான்,
முப்பத்தோரு மெகாபைட்.

கணக்குப் போட்டேன்.
அவள் பங்கில் எட்டரை மணி நேரம்,
நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.
மூன்று இரவாக அறுந்துகொண்டிருக்கிறது.
குழாய் முழுவதும் அவளுக்கென்றால்
எட்டு நிமிடம்.

எங்கள் மலைத்தண்ணீர் சுரங்கவழியே
ஜோஹன்னஸ்பர்குக்குப் போகிறது.
எங்கள் ஆண்களும் எல்லை தாண்டி அந்தப் பக்கம்தான் போனார்கள்.
தண்ணீருக்கு மீட்டர் இருக்கிறது.

வரைபடம் பார்த்தேன்.
கிளினிக்கின் கோடு தரையோடு படுத்திருந்தது.
விதிக்கோப்பைத் திறந்து
அவள் கணினியின் எண்ணை முதல் வாளியில் சேர்த்தேன்.
மற்ற மூன்று வாளிகளையும் மூடினேன்.
காரணம்: சோதனை.
நேரம் 1:40.

1:46க்குக் கிளினிக்கின் கோடு எழுந்தது.

மசேருவிலிருந்து ஒரு படம்.
தொடை எலும்பு, ஆறு வயது, குதிரையிலிருந்து விழுந்தவன்.
இதெல்லாம் எனக்குக் காலையில்தான் தெரியும்.
அப்போது தெரிந்தது இரண்டு கோடுகள்
ஒரே வாளியில் ஆளுக்குப் பாதி மொண்டது மட்டும்.
வரியை அழிக்க விரலை வைத்தேன்.
அழித்தால் அவளுடையது அறுந்துவிடும்.
விரலை எடுத்தேன்.
மறுபடி வைத்தேன்.
இதற்குள் 1:50 ஆகிவிட்டது.

காலையில் இரவுப்பணி நர்ஸ்
தேநீர்க் கோப்பையோடு கேட்டாள்:
"ராத்திரி பனியா? படம் மெதுவாத்தானே வந்துச்சு."
ஆமாம், நல்ல பனி என்றேன்.
பனி பெய்யவும்தான் செய்தது.

பையன் நன்றாக இருக்கிறான்.
இரண்டு நிமிடத்தால் ஒன்றும் ஆகவில்லை.
இந்த வாக்கியத்தை
நான் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்,
ஒவ்வொரு முறையும் அதன் பின்னால்
இன்னொன்று வந்து நிற்கிறது.

அவளை உணவறையில் பார்த்தேன்.
அப்பாவுக்கு போன் பிடிக்கத் தெரியாது என்றாள்.
முக்கால்வாசி மருத்துவமனைக் கூரைதான்,
மீதி இருமல்.
கடைசியில் ஒரு காது தெரிந்ததாம்.
"அப்பா காதுதான்," என்று
சோளக்கூழை வழித்துக்கொண்டே சிரித்தாள்.

அந்த வரியை நான் அழிக்கவில்லை.
முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டேன்.
அந்தக் குறி இருந்தால் இயந்திரம் படிக்காது,
தாண்டிப் போய்விடும்.
எனக்குப் பின் இந்த நாற்காலிக்கு வருகிறவர்
படிக்கலாம்.
1:40 முதல் 1:50 வரை என்று சேர்த்தேன்.
சோதனை என்ற சொல்லை மட்டும் நீக்கினேன்.

காரணம் என்பதற்கு எதிரே
இப்போது வெற்றிடம்.